சிரட்டைக் கரியும் கடுக்காய்ச் சாறும்

நகைப் பட்டறையில் கை கழுவிய தண்ணீரைத் தெருவில் கொட்டக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது இதைத்தான்; ஊதுகுழல் பிடிப்பதெல்லாம் பிறகு. மூலையில் ஒரு வாளி இருக்கும். சாப்பிடப் போனாலும் சரி, ஒண்ணுக்குப் போனாலும் சரி, அதில் கையை விட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். மாதம் முழுக்கச் சேர்ந்து கறுத்துப்போன அந்த வாளித் தண்ணீர்தான் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகச் சோறு போடுகிறது.

தாத்தா நகை செய்த ஆசாரி. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாடு, இனி 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றது. 22 காரட்டில் தாலி செய்து பழகிய கை அது. 14 காரட் தாலி கேட்டு எந்தப் பெண்வீட்டார் வருவார்கள்? நாடு முழுக்கப் பத்தர்கள் பட்டறையைப் பூட்டினார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. தாத்தா பூட்டவில்லை. மற்றவர்கள் பட்டறையில் கூட்டிப் பெருக்கிய மண்ணை விலைக்கு வாங்க ஆரம்பித்தார். மதுரையில் தெற்காவணி மூல வீதிக்கும் நகைக்கடை பஜாருக்கும் பின்னால் இருட்டு மாடிப்படிகள் உண்டு, அந்தப் படிகளில் சாக்குப் பையோடு ஏறி இறங்கியே அவர் முழங்கால் போனது.

பட்டறை மண் என்று சொன்னாலும் அதில் மண் குறைவுதான். உமியோட்டின் சாம்பல், கரித்தூள், அரத்தில் ராவிய பொடி, வெண்காரத் துணுக்கு, தலைமுடி, பீடித்துண்டு எல்லாம் கலந்திருக்கும். அதை எரித்து, இடித்து, சலித்து, இரும்புச் சட்டியில் நீர் விட்டு அலசுவார். கடைசியில் மிஞ்சிய கறுப்பு வண்டலில் பாதரசத்தை விட்டுப் பிசைந்தால் பொன் அதில் ஒட்டிக்கொள்ளும். துணியில் பிழிந்து, மிச்சத்தை நெருப்பில் காட்டினால் ரசம் புகையாகப் போய்விடும். புகை எங்கே போனது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. கடைசிக் காலத்தில் தாத்தாவால் காபி டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க முடியாது. வயசாச்சு, கை நடுங்குது என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டோம். அது ரசம் செய்த வேலை என்று எனக்குத் தெரிந்தபோது அவர் இல்லை.

அலசும்போது ஒரு சங்கடம் உண்டு. பதினெட்டு மடங்குக்கும் மேல் தண்ணீரைவிடக் கனமான பொன், அதே தண்ணீரில் மிதக்கும். ராவிய பொடி மெல்லிய செதிளாக இருந்து, விரல் எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும். தண்ணீரின் மேல்தோலில் படகு மாதிரி உட்கார்ந்துகொண்டு, சட்டியைச் சாய்த்ததும் மேல்தண்ணியோடு போய்விடும். தாத்தா அதற்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து வைத்திருப்பார். நகையை மெருகேற்றி முடித்ததும் புளித்தண்ணியும் பூந்திக்கொட்டையும் போட்டுக் கழுவுவது ஆசாரிமார் வழக்கம். அதே நுரையில் ஒரு கை அள்ளிச் சட்டியில் விடுவார். மேல்தோல் அறுந்த மாதிரி அத்தனை மினுக்கும் ஒரே நொடியில் அடியில் போய் விழும். சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்காகவே நான் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போவேன்.

பாலிஷ் பட்டறைகள் பெருகியது அப்பா காலத்தில். அந்தத் தண்ணீர் வேறு ரகம். மெருகுப் பொடியோடு கலந்து செக்கச் செவேலென்று வரும். அதில் இருக்கும் பொன்னைக் கண்ணாலும் பார்க்க முடியாது, விரலாலும் தடவ முடியாது. இரண்டு நாள் அசையாமல் வைத்தாலும் தெளியாது. அப்பா திருப்புவனம் பக்கத்துக் கண்மாய்த் தண்ணி குடித்து வளர்ந்தவர். மழைக்காலக் கலங்கல் தண்ணிக்கு ஊரில் என்ன செய்வார்களோ அதையே இங்கேயும் செய்தார்: பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவிட்டு அதில் ஊற்றினார். காலையில் பார்த்தால் மேலே பச்சைத் தண்ணி, அடியில் சேறு. தேற்றாங்கொட்டை கிடைக்காத மாதங்களில் முற்றிய முருங்கை விதை. கலங்கலில் இருக்கும் துகளெல்லாம் ஒரே மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் படிவதில்லை. முருங்கை விதையின் புரதம் எதிர் ஏற்றத்தோடு வந்து அவற்றைக் கூட்டிச் சேர்க்கிறது என்று பின்னாளில் படித்தேன். அப்பாவிடம் சொன்னபோது, “அதத்தானடா நானும் சொல்றேன், தெளியுதுன்னு” என்றார்.

அப்பா தோற்றது மூன்றாவது தண்ணீரிடம்.

கவரிங்கும் முலாமும் மதுரையில் சூடு பிடித்த சமயம். முலாம் போடும் தொட்டியில் ஊற்றுவது பொட்டாசியம் தங்க சயனைடு என்ற வெள்ளை உப்பு. நூறு கிராம் உப்பில் அறுபத்தெட்டு கிராம் பொன். வளையலை அதிலிருந்து எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் முக்கிக் கழுவுவார்கள். ஒவ்வொரு வளையலும் இரண்டு மூன்று சொட்டைச் சுமந்து வந்து அந்தக் கழுவு தொட்டியில் விட்டுவிட்டுப் போகும். ஆனால் பார்வைக்கு அது குழாய்த் தண்ணீர் போலத்தான் இருக்கும். துகள் இல்லை, நிறம் இல்லை, வண்டல் இல்லை. முதன்முதலில் ஒரு முலாம் பட்டறைக்காரர் அதற்கு விலை கேட்டபோது அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பச்சத் தண்ணிக்குக் காசு கேக்கான் பாரு” என்று எழுந்து வந்துவிட்டார். தேற்றாங்கொட்டையைத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கரைந்து போனதைத் தேற்றாங்கொட்டை என்ன செய்யும்? சர்க்கரைத் தண்ணியை வடிகட்டிச் சர்க்கரை எடுக்கிற கதைதான்.

எனக்கு வழி காட்டியவர் காரைக்குடி சிக்ரி ஆய்வு நிறுவனத்தில் மின்முலாம் பயிற்சிக்குப் போய் வந்த சித்தப்பா முறையுள்ள ஒருவர். “கரியில பிடிக்கும்டா, சுரங்கத்துலயே அப்படித்தான் எடுக்காய்ங்க” என்று ஒரு வரி சொன்னார். கரி என்றால் எங்களுக்குத் தெரிந்தது முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சீமைக் கருவேலங்கரி. உடைத்துப் போட்டேன். தண்ணி கறுத்ததுதான் மிச்சம். பிறகு இஸ்திரிக்காரரிடம் சிரட்டைக் கரி வாங்கிப் போட்டேன். அது நொறுங்கவில்லை, ஆனால் ஒரு வாரம் ஊறவைத்து எரித்துப் பார்த்தால் சாம்பலில் ஒரு கடுகளவு மினுக்கு. அந்தக் கடுகு போதுமானதாக இருந்தது, விடாமல் தேட வைக்க.

வெறும் கரிக்கும் உயிரூட்டிய கரிக்கும் உள்ள தூரம் எனக்கு அப்போது தெரியாது. காங்கேயம் பக்கத்தில் சிரட்டையைத் தொட்டி என்பார்கள், அந்தக் கரியைத் தொட்டிக்கரி என்பார்கள். அதை 900 டிகிரி சூட்டில் நீராவி விட்டு மறுபடி வாட்டுகிறார்கள். ஆவி கரிக்குள் புகுந்து புழு அரித்த மாதிரி நுண்துளைகளைக் குடைந்துவிடும். நல்ல கரியில் ஒரு கிராமுக்குள் இருக்கும் பரப்பு ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால், விரல் நுனியில் நிற்கும் கரிக்குள் 25 சென்ட் நிலம். கட்டைக் கரியில் துளை பெரிது, உடம்பு பஞ்சு. சிரட்டையில் துளை மிகச் சிறிது, உடம்பு கல். தங்க சயனைடு வந்து அடங்குவதற்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும் அந்தத் துளை. உரசினாலும் தேயாது என்பதும் முக்கியம். தேய்ந்து தூளானால் பிடித்த பொன்னோடு தூளும் தண்ணியில் போய்விடும்.

அமெரிக்காவில் தெற்கு டக்கோட்டாவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 1973-ல் பெரிய அளவில் கரியில் பொன் பிடிக்கும் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. அதே 1973-ல்தான் இலங்கையில் ஹேகார்ப் நிறுவனம் சிரட்டைக் கரி செய்யத் தொடங்கியது. இன்று உலகத்தில் பாறையை அரைத்துச் சயனைடில் கரைத்துப் பொன் எடுக்கும் பல சுரங்கங்களில் கடைசிப் பிடிமானம் தேங்காய்ச் சிரட்டைதான். சட்னிக்குத் துருவி எறிந்தது எங்கே போய்ச் சேருகிறது பாருங்கள். தேங்காய் மண்டியில் சிரட்டைக்குத் தனி விலை ஏன் என்று சோழவந்தான் தோப்புக்காரர் ஒருவர் கேட்டபோது இந்தக் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. நான் ஏதோ கமிஷனுக்குப் பேசுவதாக நினைத்துக்கொண்டார்.

என் சாதனம் ரொம்ப எளிது. நாலு அங்குல பிளாஸ்டிக் குழாய், ஆள் உயரம், இரண்டு துண்டு. அடியில் நைலான் வலை. கரியைப் போடுமுன் நன்றாகக் கழுவி, ஒரு ராத்திரி ஊறவைக்க வேண்டும். காய்ந்த கரியை அப்படியே போட்டால் உள்ளே அடைந்த காற்றோடு மிதக்கும், தண்ணி பக்கவாட்டில் ஓடிவிடும். மேலே டிரம், குழாயில் ஒரு திருகு. அவசரப்பட்டுத் திறந்தால் பொன் நிற்காது. ஒழுக்குக்கும் சொட்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். ராத்திரி படுத்துக்கொண்டே சத்தத்தை வைத்து, திருகு தளர்ந்துவிட்டது என்று எழுந்து போயிருக்கிறேன். முதல் குழாய் தவறவிட்டதை இரண்டாவது குழாய் பிடிக்கும். முதல் குழாய் நிறைந்ததும் அதை எடுத்துவிட்டு, இரண்டாவதை முன்னுக்கு நகர்த்த வேண்டும்.

சுரங்கங்களில் பிடித்த பொன்னைச் சூடான காரக் கரைசலில் இறக்கிவிட்டுக் கரியைத் திரும்பப் பயன்படுத்துவார்கள். எனக்கு அவ்வளவு வசதி இல்லை. கழுவி, காயவைத்து, எரிப்பதுதான். இதில் பொறுமை வேண்டும். கரி சிவந்து கனியும்போது ஊதினால் சாம்பல் பறக்கும், அதோடு பொன்னும் பறக்கும். அகலமான இரும்புச் சட்டியில் விரல் தடிமனுக்குப் பரப்பி, மூடி சாய்த்து வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பேன். ஒரு கிலோ கரி ஒரு கைப்பிடிச் சாம்பலாகிவிடும். வெறும் சிரட்டைச் சாம்பல் வெளுப்பாக இருக்கும்; பொன் பிடித்த சாம்பலில் ஒரு பழுப்புச் சாயல் தட்டும். வெண்காரமும் சோடா உப்பும் கூட்டி மூசையில் வைத்து உருக்கினால் கண்ணாடி மாதிரி கசடு மேலே, அடியில் ஒரு மணி. முதன்முதலில் வந்த மணி நாலரை கிராம். முலாம் பட்டறைக்காரருக்குப் பாதி, எனக்குப் பாதி என்பது பேச்சு. அப்பா அந்த மணியை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “வெள்ளி சேந்திருக்கு” என்று மட்டும் சொன்னார். சேர்ந்துதான் இருந்தது. சயனைடுத் தண்ணியில் வெள்ளி இருந்தால் கரி அதையும் பிடிக்கும், சில நேரம் செம்பையும் பிடிக்கும். ஆனால் அன்று ராத்திரி அவராகவே டிரம்மைத் தூக்கி மேடையில் வைத்துக் கொடுத்தார்.

இந்தத் தொழிலில் என்னை அழ வைத்த நாள் ஒன்று உண்டு. ஒரு பட்டறையில் வேலைக்காரப் பையன், இடம் இல்லையென்று திராவகம் கழுவிய தண்ணியையும் சயனைடு டிரம்மிலேயே ஊற்றி மூடியிருக்கிறான். சயனைடில் புளிப்பு விழுந்தால் விஷவாயு கிளம்பும். கசப்பு வாதுமை மணம் வரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். என் மூக்குக்கு அந்த மணம் தெரியாது. பலருக்கும் தெரியாதாம், அது பிறவியிலேயே அமைவது. மூடியைத் திறந்தவுடன் என்னோடு வந்த பையன்தான் “மாமா, என்னமோ வாடை” என்றான். அடுத்த நிமிஷம் எனக்குத் தலை கிறுகிறுத்தது. இருவரும் படியில் உருண்டு வந்து தெருவில் உட்கார்ந்தோம். பிழைத்தோம். ஜன்னல் இருந்த அறை என்பதால் பிழைத்தோம்.

அன்றிலிருந்து பையில் மஞ்சள் தடவிய தாள் வைத்திருக்கிறேன். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலக்கும் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். சிவக்காத டிரம்மை நான் தொடுவதே இல்லை. சிவந்தாலும் அது போதாது. பி.எச். கணக்கில் மஞ்சள் எட்டிலேயே சிவந்துவிடும், சயனைடுத் தண்ணிக்குப் பத்தரைக்கு மேல் வேண்டும். அதற்குக் கடைத் தாளை வைத்து இரண்டாம் தடவை பார்க்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரி பொன்னை எடுத்துக்கொள்ளும், விஷத்தைத் தண்ணியிலேயே விட்டுவிடும். இயற்கைக் கரியில் வடித்தாயிற்று, இனி சுத்தம் என்று சாக்கடையில் திறந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்துச் சண்டை போட்டுத் தொடர்பை முறித்திருக்கிறேன். காரத்தோடு வைத்தே பிளீச்சிங் பவுடர் போட்டு முறித்த பிறகுதான் அது வெறும் அழுக்குத் தண்ணி. கிருதுமால் ஒரு காலத்தில் ஆறு. ஊரார் எல்லோரும் சேர்ந்து அதைச் சாக்கடையாக்கி முடித்தாயிற்று, நானும் ஒரு கை போட வேண்டாமே.

கடுக்காய்க் கதைக்கு வருகிறேன். அது முழுக்க என் புத்திசாலித்தனத்தால் வந்த வினை.

உருக்குப் பட்டறைகளை எங்கள் பக்கம் பெரும்பாலும் மராட்டிக்காரர்கள் நடத்துகிறார்கள். சாங்லி மாவட்டத்திலிருந்து வந்து, இந்தியா முழுக்க நகைத் தெரு உள்ள ஊர்களில் எல்லாம் குடியிருப்பவர்கள். எங்கள் ஆட்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுபவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் பொன்னைக் கரைப்பது ராஜ திராவகத்தில். பிறகு அன்னபேதி போட்டால் பொன் பழுப்புப் பொடியாக இறங்கும். இறங்கிய பிறகு மிஞ்சும் தண்ணியிலும் கொஞ்சம் இருக்கும். துவர்ப்புச் சத்துக்குப் பொன்னைப் பிடித்து இறக்கும் குணம் உண்டு என்று எங்கோ படித்துவிட்டு, கீழமாசி வீதியில் இரண்டு கிலோ கடுக்காய் வாங்கினேன். “யாருக்கு அண்ணாச்சி மலச்சிக்கல்?” என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். கஷாயம் வைத்தேன். தண்ணியில் சோடா உப்புப் போட்டுப் புளிப்பைக் குறைத்துவிட்டு ஊற்றினேன். டிரம் முழுக்க மையாகிவிட்டது. அன்னபேதியும் கடுக்காயும் சேர்ந்தால் எழுதும் மை. எழுத்தாணிக்காரத் தெருவைத் தினமும் தாண்டிப் போகிறவனுக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த முறை உஷாராக, அன்னபேதி போடாத தண்ணி இருபது லிட்டர் வாங்கினேன். பீங்கான் ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, கஷாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். முதலில் வெளிறிய மஞ்சள் மறைந்தது. பிறகு ரோஸ். கொஞ்ச நேரத்தில் நாவல்பழச் சாறு. பார்க்க அவ்வளவு அழகு. வடிதாளில் ஊற்றினேன், தாளில் ஒன்றும் நிற்காமல் அதே நாவல்பழ நிறத்தில் அடியில் வந்தது. ஒரு நாள், ஒரு வாரம், மூன்று வாரம். படியவில்லை. துவர்ப்பு, பொன்னை உலோகமாக்கியது நிஜம். ஆனால் எண்ணெய்ச் செதிளும் இல்லை, பாலிஷ் சேறும் இல்லை, அதற்கெல்லாம் ஆயிரம் மடங்கு சிறியதாக ஆக்கி, ஒவ்வொரு துகளுக்கும் துவர்ப்பாலேயே ஒரு சட்டையும் போட்டுவிட்டது. 1857-ல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஜாடிக்குள் வைத்து ஆராய்ந்ததும் இதே சிவப்புத் தண்ணீர்தான். அவருக்கு ஆராய்ச்சி, எனக்குக் கடன். அடுத்தவர் பொன் அதில் இருந்தது. கடைசியில் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கொதிக்க வைத்தேன். மெல்ல நீலம் தட்டி, கறுத்து, ஒரு நாளில் அடியில் இறங்கியது. எடுத்ததில் கணக்குக்குக் குறைவு வந்ததைக் கையிலிருந்து போட்டேன்.

துவர்ப்பு குற்றவாளி இல்லை. அதைத் தண்ணியில் கரையவிட்டதுதான் தப்பு. ஜப்பானில் சாகா பல்கலைக்கழகத்தார் பெர்சிமன் பழத் தோலை எடுத்து, அதிலுள்ள துவர்ப்புக் கரையாதபடி பண்ணி, அதன்மேல் பொன்னைப் படிய வைத்திருக்கிறார்கள். பெர்சிமன் நம்மூர்ப் பனிச்சைக்கு நெருங்கிய உறவு. பனிச்சங்காயின் துவர்ப்பைத்தான் மீனவர்கள் வலைக்குப் போட்டார்கள். படித்ததும் எனக்குத் திண்டுக்கல் ஞாபகம் வந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் துவர்ப்பு ஏறி உட்கார்ந்துவிடும், ஊறினாலும் இறங்காது. தோல் ஷாப்பில் சீவி எறிந்த தூள் ஒரு மூட்டை வாங்கி வந்து, நன்றாக அலசிவிட்டு, குழாயில் அடைத்தேன். வேலை செய்தது! தூள் ஊதா கலந்த பழுப்பாக மாறியது, வெளியே வந்த தண்ணி நிறம் மாறாமல் வந்தது. ஆனால் எரிக்க வேண்டுமே. தோல் எரியும் நாற்றத்துக்குத் தெருவே திரண்டு வந்தது. மயானத்துக்குப் போக வேண்டியதை வீட்டு மாடியில் எரிக்கிறான் என்று ஒரு கிழவி சத்தம் போட்டார். அதோடு விட்டேன். இப்போது ராஜ திராவகத் தண்ணிக்கு அன்னபேதிதான் முதலில். மிச்சத்துக்குச் சிரட்டைக் கரி. அந்தக் கரியும் இந்தத் தண்ணியில் பொன்னை வேறு விதமாகப் பிடிக்கிறது: சயனைடில் துளைக்குள் ஒளித்து வைப்பது, இங்கே மேலேயே மஞ்சளாகப் பூசிக்கொள்ளும். வெயிலில் காட்டினால் கரி மினுக்கும்.

இப்போது கிராமே பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டதால் யோசனையோடு வருகிறவர்கள் அதிகம். ஆகாயத்தாமரையைச் சாக்கடையில் வளர்த்துப் பொன் எடுக்கலாமா என்பார்கள். 1998-ல் நியூசிலாந்துக்காரர்கள் கடுகுச் செடி வளர்த்து, மண்ணில் ரசாயனம் ஊற்றி, பொன்னை இலைக்கு ஏற்றிக் காட்டியது உண்மைதான். வேதியியலில் நோபல் வாங்கிய ஃபிரிட்ஸ் ஹேபர், ஜெர்மனியின் போர் இழப்பீட்டுக் கடனை அடைக்கக் கடல்நீரில் பொன் எடுக்கப் போய், நினைத்ததைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கிறதென்று கைவிட்டதும் உண்மைதான். யார் எந்தச் செடியோடு வந்தாலும் நான் கேட்பது ஒன்றே: எந்தத் தண்ணி? யார் கை பட்ட தண்ணி, எந்தத் திராவகம் போன தண்ணி, பொன் அதில் மிதக்கிறதா, கலங்கியிருக்கிறதா, கரைந்திருக்கிறதா? அது தெரியாமல் கொட்டையை மாற்றி மாற்றிப் போட்டு என்ன ஆகப்போகிறது?

போன மாதம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பையன், என் மச்சான் வழி சொந்தம், கிருதுமால் தண்ணியை இரண்டு வாளி மொண்டு வந்தான். நகைத்தெருச் சாக்கடை அதில்தானே மாமா கலக்குது என்றான். நியாயமான கேள்வி. கால் கிலோ புதுக் கரி போட்டு, சொட்டுச் சொட்டாக மூன்று நாள் விட்டோம். கரியில் சோப்பும் எண்ணெயும்தான் அப்பியது. எரித்தோம். வெள்ளைச் சாம்பல், பழுப்பு இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை, இருக்கிற மாதிரி அவனுக்குத் தெரிந்தது. பொட்டலம் கட்டிக் கொடுங்க மாமா, காலேஜ் மெஷின்ல வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் என்று வாங்கிப் போனான். இன்னும் வரவில்லை. வாளிகளில் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், இப்போதைக்கு அதில்தான் கை கழுவிக்கொண்டிருக்கிறேன்.